இரண்டு மடங்கு வேகம்

சர்க்கரை நோயில் என் கணவருக்குப் பார்வை மங்கிய பிறகு, மதியச் சாப்பாடு முடிந்ததும் நான் அவருக்கு நாவல் வாசித்துக் காட்டுவது வழக்கமாயிற்று. மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் வேலை பார்த்தவர். கடலில் பொழுது போகாமல் படிக்கப் பழகியவர். நான் வாசிக்கும்போது குறுக்கே பேசுவார். "இவன் பொய் சொல்லுதான், பாரேன்" என்பார். நான் குசினிக்குப் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து, விட்ட வரியிலிருந்து தொடங்குவேன். ஒரு புத்தகம் முடிய மாதக்கணக்கில் ஆகும்.

கப்பலில் வேலை செய்யும் மகன் விடுமுறைக்கு வந்தபோது அவர் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தான். புத்தகத்தை அதுவே சத்தமாக வாசிக்கும்.

"இனிமே ஒங்களுக்குத் தொண்டை காயாதும்மா" என்றான். நல்லதுதான் என்று நானும் சொன்னேன்.

அது ஒரு பெண் குரல். வாக்கியத்தின் நடுவே பக்க எண்ணையும் சேர்த்து வாசித்தது. முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நாளில் வேகத்தை இரண்டு மடங்காக்கக் கற்றுக்கொண்டார். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை, அவருக்குப் புரிந்தது.

"நான் வாசிச்சா நல்லாருக்கா, இதுவா?" என்று கேட்டேன்.

"இது நிக்காதுல்லா. நீ நடுவுல எந்திச்சுப் போயிருவ."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. போய் அரிசி களைந்தேன்.

இனி எனக்காகப் படிக்கலாம் என்று ஒரு புத்தகத்தை எடுத்தேன். அரைப் பக்கம் போவதற்குள் கை போனைத் தேடியது. யாரோ அனுப்பிய சமையல் குறிப்பு, யாருக்கோ பிறந்தநாள். திரும்பிப் பார்த்தால் படித்த அரைப் பக்கம் நினைவில் இல்லை. மறுபடி படித்தேன். பிறகு மூடி வைத்துவிட்டேன்.

ஒரு மத்தியானம் அவர் காதிலிருந்து இயர்போனைக் கழற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"கதையில என்ன ஆச்சு?"

"அந்த அம்மா செத்துப் போயிட்டா."

"எப்பம்?"

"இப்பத்தான். நான் என்னன்னு நெனைக்கதுக்குள்ள அடுத்த அத்தியாயம் பாதி ஓடிப் போச்சு."

"அந்தப் பக்கத்த நான் எடுத்து வாசிக்கவா?"

கொஞ்சம் யோசித்தார். "வேண்டாம். அதான் தெரிஞ்சிட்டே" என்றார். காபி கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடி இயர்போனை மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கேட்கும் கதைகளைப் பற்றி நான் விசாரிப்பதில்லை. அவரும் சொல்வதில்லை. ஒரே அறையில்தான் உட்கார்ந்திருக்கிறோம். அவர் கேட்கிறார், நான் போன் திரையைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிறு பூசையில், கல்லூரிப் படிப்பு முடித்த ஒரு பெண் வேதாகமம் வாசித்தாள். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, தெளிவாக வாசித்தாள். அவர் என் பக்கம் சாய்ந்து, "எம்புட்டு மெதுவா வாசிக்கா" என்றார்.

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.