ரிம்முக்குப் பூசிய நல்லெண்ணெய்

என் அக்காவின் கணவர் ஜெயராஜ் அத்தானுக்கு மங்கிப்போன எதையும் பார்க்கப் பொறுக்காது. ஆயர் ஈத்தாமில் மேட்டின் மேல் இருக்கும் அவர்கள் ஃபிளாட்டுக்குப் போனால் கதவுப் பிடியிலிருந்து தண்ணீர்க் குழாய் வரைக்கும் பளபளக்கும். கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் டின் செய்யும் தொழிற்சாலையில் வேலை. தினமும் மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி வீடு திரும்புகிற மனுஷன், வெள்ளிக்கிழமையானால் சட்டையைக்கூட மாற்றாமல் குத்துவிளக்கோடு குந்திவிடுவார். புளி, விபூதி, பழைய வேட்டித் துணி. எல்லாம் முடிந்ததும் நல்லெண்ணெயை விரலில் தொட்டு விளக்கு முழுக்க மெல்லிசாகத் தடவுவார். அப்படித் தடவினால் பித்தளை கறுக்காது என்பது அவர் கட்சி. கல்யாணமான நாளிலிருந்து என் அக்கா நல்லம்மாள் விளக்கு தேய்த்ததே இல்லை. அதில் அவளுக்குப் பெருமைதான்.

இப்படிப்பட்டவரின் காரில் நான்கு சக்கரத்தின் ரிம்மும் சாம்பல் பூத்துக் கிடந்தால் சும்மா இருப்பாரா? கார் ஒரு பழைய வாஜா. மகள் சுபாஷினிக்குக் கல்யாணம் நிச்சயமானதும், வாடகைக் கார் எல்லாம் வேண்டாம், என் பெண் என் காரில்தான் கோயிலுக்குப் போவாள் என்று சொல்லிவிட்டார். தாய்மாமன் நான்தான் ஓட்ட வேண்டும். ஓட்டுகிறேன், ஆனால் முதலில் அந்த ரிம்மை ஏதாவது செய்யுங்கள், பார்க்கச் சகிக்கவில்லை என்றேன்.

ஜெலுத்தோங்கில் எனக்குத் தெரிந்த ஹஸ்ருலின் பட்டறைக்கு அவரைக் கூட்டிப்போனேன். ஹஸ்ருல் குனிந்து ரிம்மை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். மேலே அடித்திருந்த லேக்கர் பூச்சு உரிந்துவிட்டது, அதை முழுசாக எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து மினுக்கி, கடைசியில் புதிதாக லேக்கர் அடிக்க வேண்டும், அடிக்காவிட்டால் சீக்கிரமே மங்கிவிடும் என்றான். அத்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் தேய்த்த சாமான் மங்கும் என்று அவர் காதுபடச் சொல்லலாமா?

"என் வெளக்கு மங்கி நீ பாத்திருக்கியா மச்சான்?" என்று என்னைக் கேட்டுவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

பொய் சொல்லக்கூடாது, அவர் தேய்த்த தேய்ப்பில் குறை ஒன்றும் இல்லை. லீவு போட்டுவிட்டு ஃபிளாட்டின் கீழே கார் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்தார். ஜாக்கி வைத்து ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றினார். பிரேக் தூசி கறுப்பாக அப்பியிருந்த இடத்தில் புளியைக் கரைத்து ஊற்றி ஊறவைத்தார். பிறகு தண்ணீர் விட்டு உப்புத்தாள், சொரசொரப்பில் தொடங்கி நைசு வரைக்கும். உரிந்த லேக்கர் போய் உள்ளேயிருந்த அலுமினியம் வெளியே வந்தது. அதன் மேல் டின்னில் விற்கும் மெட்டல் பாலிஷைத் தடவி வேட்டித் துணியால் விடாமல் தேய்த்தார். மேல்மாடியில் இருக்கும் ஹக்கீம் இறங்கி வந்து, ரிம்மில் தன் முகத்தைப் பார்த்து மீசையைத் தடவிவிட்டுப் போனார். நானே அசந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் மனுஷன் அந்த வேலையைச் செய்திருக்கிறார். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், எல்லோரும் மேலே மருதாணியும் பலகாரமுமாக இருந்த நேரம். லேக்கருக்குப் பதிலாக ரிம் முழுக்க நல்லெண்ணெய். அதோடு விட்டாரா? பளபளக்கும் ரிம்மின் கம்பிகளுக்கு நடுவே உள்ளேயிருந்த பிரேக் தட்டு துருவேறித் தெரிந்திருக்கிறது. இந்த ஊர் ஈரத்துக்கு, வண்டி இரண்டு நாள் நின்றாலே அது துருப்பிடிக்கும், பிரேக்கை மிதித்து ஓட்டினால் தானாகப் போய்விடும். அது அவருக்குத் தெரியாது. மகள் ஏறும் வண்டியில் துருவா என்று முன்சக்கரம் இரண்டின் தட்டையும் உப்புத்தாளால் தேய்த்து, திரும்பத் துரு ஏறாமல் இருக்க அதற்கும் கைநிறைய எண்ணெய் பூசிவிட்டு, சக்கரத்தை மாட்டிவிட்டார்.

மறுநாள் காலையில் அக்காவும் மற்றவர்களும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். காருக்குப் பூ கட்டி, சூடம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தது. நான் மெல்ல உருட்டிப் பழத்தை நசுக்கினேன். முன்னால் என் பக்கத்தில் அத்தான், பின்னால் சுபாஷினி, அவள் பக்கத்தில் மாலைக் கூடை. கேட் வரைக்கும் சமதரை. கேட்டைத் தாண்டினால் கீழே பசார் வரைக்கும் ஒரே இறக்கம்.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். பெடல் கல்லு மாதிரி நின்றது, கார் நிற்கவில்லை. எனக்கு முதலில் புரியவே இல்லை. காலை எடுத்துவிட்டுத் திரும்ப மிதித்தேன். கார் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. காருக்குள்ளே ஒரு வாசம் வந்தது. "மாமா, யாரு பலகாரம் சுடுறாங்க?" என்று பின்னாலிருந்து சுபாஷினி சிரித்துக்கொண்டே கேட்டாள். கீழே பசார் வளைவு தெரிந்தது. காய்கறி வாங்குகிறவர்கள், பஸ் நிறுத்தம், பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

கியரை இரண்டுக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். வேகம் குறைந்ததே தவிர நிற்கிற வழியாகத் தெரியவில்லை. வேறு எதுவும் தோன்றாமல் ஸ்டீரிங்கை இடது பக்கம் ஒடித்து, சாலையோரத்து சிமெண்டுக் கட்டையில் சக்கரத்தைக் கொண்டுபோய் உரசினேன். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் பல்லைக் கூச வைக்கிறது. இடது பக்க ரிம் இரண்டும் சிமெண்டில் அரைபட்டன.

அப்போதுதான் அத்தான் கத்தினார். "ரிம்மு! மச்சான், ரிம்மு!"

கார் நின்றது. பசார் வளைவுக்கு ஒரு லாரி நீளம் இருந்திருக்கும். எஞ்சினும் அணைந்துபோனது. மாலைக் கூடை கவிழ்ந்து பூ எல்லாம் கீழே கிடந்தது. சுபாஷினி முன்சீட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி, அப்பாவின் பின்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் இறங்கிப் போய் முன்சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தேன். பிரேக் தட்டு, தோசைக்கல்லில் எண்ணெய் தடவின மாதிரி மினுமினுத்துப் புகைந்துகொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. பச்சைக் கெட்ட வார்த்தைகூட வந்திருக்கும். அத்தான் பக்கத்தில் வந்து குந்தினார். கம்பிகளுக்கு நடுவே விரலை விட்டுத் தொட்டார். தட்டு சுட்டிருக்க வேண்டும், ஆனால் கையை உடனே எடுக்கவில்லை. விரலை மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"நான்தான் பூசுனேன்," என்றார்.

கல்யாணத்துக்குக் கிளம்பி வந்த ஹக்கீம் எங்களைப் பார்த்துத் தன் வேனை நிறுத்தினார். அவர் பிள்ளைகளுக்கு நடுவே சுபாஷினி இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வழி முழுக்க அத்தான் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தார். அந்தப் பட்டு வேட்டியில் எண்ணெய்க் கறை ஏறியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு ஆத்திரம் போய்ப் பயம் வந்துவிட்டது.

கோயிலில் மணமேடைக்கு இரண்டு பக்கமும் அவர் தேய்த்த விளக்குகள் ஜொலித்தன. சடங்கு நடந்தது. தாரை வார்த்துக் கொடுக்கப் பெண்ணின் அப்பா வரலாம் என்று குருக்கள் கூப்பிட்டார். மகளின் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைக்க வேண்டும். அத்தான் மேடையை ஒட்டிய தூணோரமாக நின்றார். அக்கா தள்ளிவிட்டாள், நகரவில்லை. குருக்கள் இரண்டாவது முறை கூப்பிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் போய்த் தோளைப் பிடித்தேன்.

"பிள்ளைய கூப்புடாம ரிம்ம கூப்புட்டேனே மச்சான்," என்று என்னிடம் முணுமுணுத்தார். "எந்தக் கையால குடுக்கறது?"

தெருவில் நின்று அத்தனை பேசியவன், அங்கே அவர் தோளை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் சொன்னது சுபாஷினிக்குக் கேட்டுவிட்டது. மணப்பெண் பாதியில் எழுந்திருக்கக் கூடாது என்று யாரோ சொல்லச் சொல்ல, அவள் எழுந்து வந்தாள். அப்பாவின் வலது கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். சுட்டுவிரல் நுனி வெந்து கொப்பளித்திருந்தது.

"வலிக்குதாப்பா?" என்றாள்.

அவர் தலையாட்டினார்.

"அப்ப மெல்லமா புடிங்க. ஆனா நீங்கதான் குடுக்கணும்."

அந்தக் கையைப் பிடித்தபடியே அவரை மேடைக்கு அழைத்துக்கொண்டு போனாள். தண்ணீர் விழுந்தது. அத்தான் அழுத அழுகையில் மந்திரம் யாருக்கும் கேட்கவில்லை.

பிறகு ஹஸ்ருல் பிரேக் தட்டு இரண்டையும் அதைக் கவ்வும் பிரேக் கட்டைகளையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக மாட்டினான். இடது பக்க ரிம்மின் கீறலைத் தேய்த்து எடுத்துவிடலாம், வலது பக்கம் மாதிரியே ஆக்கிவிடலாம் என்றான். அத்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் இப்போதும் விளக்கு தேய்க்கிறார். அந்த இரண்டு ரிம்மையும் மட்டும் தொடுவதில்லை.