வராதவன் தலைதான் உருளும்

போன ஞாயிற்றுக்கிழமை, காலை டிபனுக்கு முன்பே, மூன்று பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கிட்டத்தட்ட முறித்துவிட்டோம். மொட்டைக் கடிதம் போடவில்லை, கோள் மூட்ட யார் வீட்டுப் படியும் ஏறவில்லை... சும்மா நடந்துகொண்டே, வாயாலேயே முறித்தோம்!

அந்த மூன்று பேரில் அடியேனும் ஒருவன்.

எங்கள் ஞாயிறு நடையைப் பற்றி முன்பு ஒருமுறை இதே பக்கத்தில் பெருமையாக எழுதித் தொலைத்துவிட்டேன். உடனே கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகி எழுதினார்: "வயல்வெளி, பறவைகள், விடியற்காற்று, பழைய நண்பர்கள்... கொடுத்து வைத்தவர் சார் நீங்கள்!"

அம்மா, நீங்கள் நல்லவர். அதனால்தான் ஏமாந்திருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் நடக்கப் போவதே பஸ்ஸில்தான். தூத்துக்குடியில் ஏறி, புதுக்கோட்டையில் இறங்குவோம். ராஜா ஆண்ட புதுக்கோட்டை அல்ல — திருநெல்வேலி ரோட்டில், ஊரைத் தாண்டியதும் வருகிற எங்கள் சின்னப் புதுக்கோட்டை. அங்கிருந்து குளக்கரையோடு போய், பனங்காட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி, ரோட்டோரக் கடையில் இட்லி. நடந்து கரைத்ததைப் போல இரண்டு பங்கு உள்ளே தள்ளிவிட்டு மறுபடியும் பஸ். இதற்குப் பெயர் தேகப் பயிற்சி.

பறவைகளா? குளத்தில் கொக்கு நிற்கும் என்று கேள்வி. இத்தனை வருடத்தில் நாங்கள் ஒரு கொக்கையும் பார்த்ததில்லை. பார்க்க நேரம் ஏது? பேசவே நேரம் போதவில்லையே!

பேச்சு என்றால் எதைப் பற்றி? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். நாங்கள் மொத்தம் நான்கு பேர், ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். கோமஸ், கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ்காரன். சண்முகவேல், ஜவுளிக்கடை முதலாளி. தங்கராஜ், உப்பு வியாபாரி ஒருவரிடம் மானேஜர். பிறகு நான். இந்த நால்வரில் எவன் அன்றைக்கு வரவில்லையோ, அவன்தான் அன்றைய பேச்சு. யாரும் சட்டம் போடவில்லை. தானாக வந்த வழக்கம். எமர்ஜென்சியில் ஊரே வாயைப் பொத்திக்கொண்டிருந்தபோதுகூட எங்கள் குளக்கரையில் சென்சார் கிடையாது.

அதனால்தான் எவனும் மட்டம் போடுவதில்லை! சிநேகம் என்று நினைத்தீர்களா? பயம் சார், பயம். காய்ச்சலோடு மப்ளர் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறான் கோமஸ். மருமகளுக்கு வளைகாப்பு நடந்த காலையிலும் சண்முகவேல் வந்தான். எனக்குக் கால் சுளுக்கியபோது பஸ்ஸில் போய் இட்லிக் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். நடக்காவிட்டால் பரவாயில்லை, ஆஜராகிவிட வேண்டும்.

போன ஞாயிறு தங்கராஜ் வரவில்லை.

பஸ் ஸ்டாண்டில் கோமஸின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவன் முதல் பூசை கண்டுவிட்டு நேரே வருகிறவன். கோயிலில் பிதாவிடம் மன்னிப்புக் கேட்ட ஈரம்கூட வாயில் காய்ந்திருக்காது. "என்னல... தங்கராஜக் காணும்?" என்றான். என்ன ஒரு ஆனந்தம் அந்தக் குரலில்!

புதுக்கோட்டையில் எங்களோடு இன்னொருவரும் இறங்கினார். வெள்ளைச் சட்டை, வேட்டி, கக்கத்தில் குடை. ஐம்பதைத் தாண்டிய ஆள்.

"நமக்கு ஊரு உடன்குடி, அண்ணாச்சி. கருப்பட்டி யாவாரம். இந்தப் பக்கம் பனை எப்பிடி இருக்குன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். ஒங்க கூடவே நடக்கட்டுமா?" என்று கேட்டார்.

நடக்கட்டுமாவா? எங்கள் கதைகளை நாங்களே கேட்டுக் கேட்டுப் புளித்துப் போயிருக்கிறோம். புத்தம் புதிதாக இரண்டு காதுகள் தாமாக வந்து மாட்டினால் விடுவோமா?

குளக்கரை ஏறியதுமே கோமஸ் ஆரம்பித்தான்.

"எங்க கூட்டாளி ஒருத்தன், தங்கராஜ்னு பேரு. இன்னைக்கு வரல. ஏன் தெரியுமா? புதுச் செருப்பு வாங்கிருக்கான். நடந்தா தேஞ்சிரும்லா!"

"அப்பிடியா அண்ணாச்சி?" என்றார் உடன்குடிக்காரர்.

"கஞ்சத்தனத்த விடும் வே," என்றான் சண்முகவேல். "குறட்ட! ஒரு தடவ நாலு பேரும் குத்தாலம் போயிருந்தோம். இவன் விட்ட குறட்டையில பக்கத்து ரூம்காரன் ரூமையே காலி பண்ணிட்டுப் போயிட்டான்."

"அப்பிடியா அண்ணாச்சி?"

அவ்வளவுதான் அந்த மனிதர் பேசியது. கேள்வி கிடையாது, ஆமாம் கிடையாது, இல்லை கிடையாது. 'அப்பிடியா' என்பார். நாங்கள் இன்னும் கொட்டுவோம். மறுபடி 'அப்பிடியா' என்பார். மிச்சத்தையும் கொட்டுவோம். தங்கராஜ் சினிமாக் கொட்டகையில் கதாநாயகிக்கு முன்பே அழத் தொடங்கிவிடுவது, பாட வராமலே பாடுவது, சீட்டில் தோற்றால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது... ஒன்று பாக்கியில்லை.

"அதவிட அவன் ஒரு ஏமாளி, பாத்துக்கிடும்," என்றான் சண்முகவேல். "எவன் எதச் சொன்னாலும் நம்பிருவான். எங்க மூணு பேரையும் யோக்கியன்னு நம்புதான்னா பாருமே!"

மூவரும் பனங்காடு அதிரச் சிரித்தோம். உடன்குடிக்காரர் சிரிக்கவில்லை. குடையை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

இவர்கள் இருவரும் இவ்வளவு சொன்ன பிறகு, ஊரறிந்த எழுத்தாளன் நான் சும்மா வரலாமா? கடைசியில் நானும் வாயைத் திறந்தேன்.

"அதெல்லாம் கெடக்கட்டும். அவன் வீட்ல அவன் பேச்சு செல்லாது அண்ணாச்சி. அவன் சம்சாரம் வாயத் தொறந்தா எதிர்வீட்டுக்காரன் கதவச் சாத்துவான். ஒரு மக இருக்கு, டீச்சர்... அது அம்மாவையே தூக்கிச் சாப்பிட்டுரும்!"

இதில் கடைசி வாக்கியம் சுத்தப் பொய். தங்கராஜின் மகள் செல்வி குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பிறகு ஏன் சொன்னேன்? பேச்சு நன்றாக ஏறி வந்துகொண்டிருந்தது, முத்தாய்ப்பு ஒன்று வேண்டியிருந்தது... தொழில் புத்தி!

"அப்பிடியா அண்ணாச்சி?" என்றார் அவர். இந்த முறை நின்று, என் முகத்தைப் பார்த்துவிட்டு நடந்தார்.

இட்லி சாப்பிட்டோம். பனையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது மூன்று புத்திசாலிகளில் ஒருவனுக்கும் உறைக்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அவர் மெல்லச் சொன்னார்.

"நான் இப்பம் தங்கராஜ் அண்ணாச்சி வீட்டுக்குத்தான் போறேன். எங்க தங்கச்சி மவனுக்கு அவுக மகளக் கேட்டிருக்கு. வெளிய விசாரிக்கணும்லா? அவுகளே சொன்னாக... 'ஞாயித்துக்கெழம காலைல என் சிநேகிதங்க புதுக்கோட்ட பஸ்ல இருப்பாங்க, அவங்ககிட்ட கேளுங்க'ன்னு. தான் கூட இருந்தா பேசக் கூச்சப்படுவாகன்னு இன்னைக்கு வரலியாம். ஒங்ககிட்டயும் முன்கூட்டிச் சொல்லலியாம். சொல்லிக்குடுத்து வாங்குத சர்டிபிகேட் எதுக்குன்னாக."

பஸ் வந்ததும் மூவரும் முட்டி மோதிக்கொண்டு அவருக்கு வழி விட்டோம்.

செல்விக்கு ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப் போயிருக்கிறது. முதலாவது தட்டிப்போன அன்று தங்கராஜ் எங்களோடு நடந்து வந்தான். அன்றைக்கு அவன் பாடவில்லை. இரண்டாவது போனபோது, "பரவால்லல, அவளுக்குன்னு ஒருத்தன் பொறந்திருப்பான்" என்று எங்களுக்கே ஆறுதல் சொன்னான். அப்படிப்பட்டவன், உலகத்தில் தன்னைப் பற்றி நல்லதாகச் சொல்லக்கூடியவர்கள் என்று நம்பி அனுப்பியது எங்களிடம்! அசிங்கமாக இருந்தது. அதைவிட மட்டமான வார்த்தை கிடைத்தால் போட்டுக்கொள்ளுங்கள், ஆட்சேபம் இல்லை.

சரி, அதோடு வாயை மூடினோமா? அதுதான் இல்லை. பஸ்ஸில் அந்த மனிதரை நடுவில் உட்காரவைத்து ரிப்பேர் வேலையில் இறங்கினோம்.

"தங்கராஜ் மாதிரி ஒரு ஆத்மாவ இந்தக் கடற்கரையிலேயே பாக்க முடியாது. மாதா மேல ஆணை!" என்றான் கோமஸ்.

"நான் குறட்டன்னு சொன்னேன்லா... அது குறட்ட இல்ல அண்ணாச்சி. மூச்சுப் பயிற்சி," என்றான் சண்முகவேல்.

நான் மட்டும் குறைந்தவனா? "அவன் சம்சாரம் பேசினா பக்கத்து அறைக்கே கேக்காது. அவ்வளவு அடக்கம்," என்றேன்.

"அப்பிடியா அண்ணாச்சி?"

அதே இரண்டு வார்த்தைகள்தான். குளக்கரையில் கேட்டபோது உற்சாகமாக இருந்தது. இப்போது மூன்று பேருக்கும் வேர்த்தது.

ஊர் வந்ததும் அவரைத் தனியாக விட மனமில்லை. கூடவே போனோம். தங்கராஜின் தெருமுனை திரும்பும்போதே அவன் மனைவியின் குரல் வந்து எங்களை வரவேற்றது. "முறுக்குத் தட்ட எங்கன வச்சீக? ஒரு வேல உருப்படியாச் செய்தீகளா?" எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்ததையும் உடன்குடிக்காரர் கவனித்தார். அடக்கத்துக்குச் சாட்சி சொன்ன நான் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தேன்.

தங்கராஜ் மடிப்புக் கலையாத வேட்டியில் வாசலுக்கே ஓடி வந்தான். கல்யாணமே முடிந்துவிட்டது போல் முகம்.

"வாங்க வாங்க! பாத்துட்டீங்களா இவனுவள? பள்ளிக்கூடத்துச் சிநேகிதம் அண்ணாச்சி. எங்கிட்ட கொற இருந்தா மறைக்க மாட்டானுவ. ஆனா மனசுல ஒண்ணும் கெடையாது. தங்கம்!" பிறகு உள்ளே திரும்பி, "ஏளா செல்வி, காப்பி கொண்டா!"

தங்கங்கள் மூன்றும் தரையைப் பார்த்தோம்.

செல்வி காப்பி கொண்டு வந்தாள். வழக்கமாக என்னைப் பார்த்ததும், "இந்த வாரம் என்ன மாமா எழுதுனீங்க?" என்று கேட்கிற பெண். அன்று என் பக்கமே பார்க்கவில்லை. அவள் கவலை அவளுக்கு.

உடன்குடிக்காரர் காப்பியை வாங்கிக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, பள்ளிக்கூடத்துல பிள்ளைகள அதட்டுவியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கைவரிசை அல்லவா அந்தக் கேள்வி!

செல்வி நிமிர்ந்தாள். "அதட்டாம எப்பிடி? அதட்டுவேன். அழுதா சமாதானமும் பண்ணுவேன்."

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். காப்பியை நிதானமாகக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். துண்டால் வாயைத் துடைத்தார். அதற்குள் நாங்கள் மூன்று பேரும் மூன்று முறை செத்துப் பிழைத்தோம்.

"தங்கராஜ் அண்ணாச்சி," என்று ஆரம்பித்தார். "ஒங்க சிநேகிதங்க கூட நடந்தேன். பஸ்ல வந்தேன். எல்லாம் கேட்டாச்சு. எனக்கு இனி வேற விசாரண வேண்டாம்."

உள்ளே தங்கராஜ் மனைவியின் குரல்கூட நின்றுபோனது.

"எங்க தங்கச்சி நல்லவதான். ஆனா வாய் கொஞ்சம் நீளம். அவகிட்ட குப்ப கொட்டணும்னா மருமகளுக்குப் பொறும வேணும். பொறும உள்ள வீட்டுப் பொண்ணாப் பாக்கணும்னுதான் நான் அலையுதேன்." எங்கள் மூவரையும் ஒருமுறை வரிசையாகப் பார்த்தார். "இந்த மூணு பேரையும் இத்தன வருசமா வாரம் தவறாம சகிச்சிருக்கீகளே அண்ணாச்சி! அந்த வீட்ல வளந்த பொண்ணு எங்க தங்கச்சிய நிச்சயம் சமாளிச்சிரும். மாப்ள வீட்ட வந்து பாத்துட்டு, நல்ல நாளாப் பாத்துச் சொல்லுங்க."

தங்கராஜுக்கு அவர் சொன்னதில் பாதி புரியவில்லை. புரிந்த பாதி அவனுக்குப் போதுமானதாக இருந்தது. பாய்ந்து வந்து எங்கள் மூவர் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு — சினிமாக் கொட்டகை அழுகையெல்லாம் ஒன்றுமேயில்லை — ஓவென்று அழுதான். "எம்புட்டு நல்லதாச் சொல்லிருந்தா ஒரே நாள்ல முடிப்பாரு! ஒங்களுக்கு நான் என்னல செய்யப் போறேன்?" என்றான்.

கோமஸும் அழுதான். சண்முகவேல் கல்யாணப் பட்டு தன் கடையிலிருந்துதான் என்று அறிவித்தான். நான் இன்னொரு காப்பி கேட்டேன். வேறு என்ன செய்வது? உண்மையைச் சொல்வதற்கு வேண்டிய முதுகெலும்பு எங்களில் எவனுக்கும் கிடையாது. இருந்திருந்தால், அவன் எதிரிலேயே பேசியிருக்க மாட்டோமா?

இதையெல்லாம் அச்சில் போடுகிறாயே, தங்கராஜ் படித்தால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்கள். படிக்க மாட்டான். அவன் மகள் படிப்பாள், ஆனால் அப்பா மனசு உடையும்படி அவள் எதையும் சொல்ல மாட்டாள். நான் எழுதத் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை என் எழுத்தில் ஒரு வரிகூடப் படிக்காதவன் அந்தப் பயல்...

அடடா, அந்தக் குறையை மட்டும் அன்றைக்குக் குளக்கரையில் சொல்ல விட்டுப்போச்சே!