ஊசியா, எக்ஸ்ரேயா

எங்கள் சபை ஆஸ்பத்திரிக்கு அந்த வருடம் ஒன்றுதான் வாங்க முடியும்: எக்ஸ்ரே மிஷின், அல்லது சயரோகத்துக்கு அப்போது புதிதாக வந்திருந்த ஊசிமருந்து. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாக இருந்த காலம் அது. என் வீட்டுக்காரருக்குச் சயரோகம். இருமலில் ரத்தம் வரத் தொடங்கியிருந்தது.

பணம் பெரும்பாலும் பெண்கள் சேர்த்தது. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக்கலயத்தில் இடுவோம். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் கொண்டுபோய்க் கொட்டினால் அதை ஏலம் விடுவார்கள். வீடு வீடாகப் போய்க் கலயத்தை எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளே, இந்த வாரம் கை சின்னதாயிட்டா?" என்று கேலி பேசுவது என் வேலை. அதனால்தான் ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் எனக்கும் இன்னும் இரண்டு பெண்களுக்கும் ஒரு பாய் விரித்திருந்தார்கள்.

டாக்டர் எதையும் ஒளிக்கவில்லை. மருந்து நாலைந்து பேருக்குத்தான் காணும், அவர்களும் எல்லாரும் பிழைப்பார்கள் என்று சொல்ல முடியாது என்றார். மிஷின் இருந்தால் நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, வீட்டில் மற்றவர்களுக்குப் பரவாமல் பார்க்கலாம். எலும்பு முறிந்து வருகிறவர்களுக்கும் ஆகும்.

சபை மூப்பருக்கு வேறு யோசனை. "ஊசி குத்தினா தீந்து போச்சு. மிஷின்னா நிக்கும், பாத்துக்கிடுங்க. மயிலாடி கல்தச்சன்ட்ட சொல்லி, பேரு போட்டு ஒரு கல்லு வெட்டி, வாசல்ல பதிச்சிரலாம்" என்றார். தண்ணீர்த்தொட்டி கட்டினாலும் கல் பதிக்கிற ஊர் எங்களுடையது. மருந்துக்குப்பியில் எங்கே பதிப்பது?

மருந்து வேண்டும் என்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். நான் தூக்கினேன். வேறு யாரும் தூக்கவில்லை. என்னோடு பாயில் இருந்த இரண்டு பேரும் தங்கள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஏன் தூக்குகிறேன் என்று எல்லாருக்கும் தெரியும். யாராவது ஏசியிருந்தால் எழுந்து நின்று சண்டை போட்டிருப்பேன். யாரும் ஏசவில்லை. நியாயம் அவர்கள் பக்கம் என்பது எனக்கும் விளங்கியது, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. திரும்பும்போது கூட நடந்து வர ஆளில்லை. வந்தால்தான் என்ன பேசுவார்கள், பாவம். குளக்கரை வழியாகத் தனியே வந்தேன்.

மிஷின் வந்ததும் மூப்பர் பெரிய மனது பண்ணி, முதல் படம் என் வீட்டுக்காரருக்கே எடுக்கட்டும், காசு வேண்டாம் என்றார். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நுரையீரலில் இருந்த ஓட்டையைக் காட்டினார். இவர் எட்டிப் பார்த்தார். என்னைச் சிரிக்க வைக்கத்தான், "ஏட்டி, படத்துல நான் நல்லாத்தான் விழுந்திருக்கேன், இல்லியா?" என்றார். நானும் சிரித்தேன். அடுத்த மழைக்கு முன்னே போய்விட்டார்.

மிஷின் பல பேரைக் காப்பாற்றியது. பக்கத்து வீட்டு மருமகளுக்கு நோய் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அதற்குள் மருந்தும் விலை இறங்கியிருந்தது, பிழைத்துக்கொண்டாள். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பேசும்போது எனக்குச் சந்தோஷம்தான். அவள் போனபிறகு வீட்டில் இருக்க முடியாது.

எங்கள் கல்யாணத்துக்கு யாரும் போட்டோ எடுக்கவில்லை. நாகர்கோவிலுக்குப் போகும்போதெல்லாம் ஸ்டுடியோவுக்குப் போவோம் என்பார், போனதில்லை. அவருடையதாக என்னிடம் இருப்பது அந்த எக்ஸ்ரே படம் ஒன்றுதான். விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிகிறது, முகம் இல்லை.