ஈயை முந்த வேண்டும்

யார் செத்தாலும் "நேத்துகூடப் பேசினாரே" என்பது எங்கள் செஞ்சியின் மரபு. தனியாக இருந்த எதிர்வீட்டுக்காரர் செத்துக் கிடப்பது நாற்றத்தால் தெரியவந்தபோது, போலீஸிடம் நானும் அதையே சொன்னேன்.

அவர்களோடு, பிணத்தில் வளரும் புழுவை வைத்துச் செத்த நாளைச் சொல்லும் ஈ ஆராய்ச்சியாளர் ஒருவர் வந்திருந்தார். ஒல்லியான மனிதர். தெர்மாமீட்டரைச் சுவரிலும் தரையிலும் வைத்துக்கொண்டே இருந்தார். பிணத்துக்குத்தான் இல்லை, வீட்டுக்காவது காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிறார் போலும். பிறகு ஒரு புழுவை இடுக்கியால் எடுத்து, பெண் பார்க்க வந்தவரைப் போல நிதானமாகப் பார்த்தார்.

"சித்திரை வெயில்னா மூணு நாள்னு சொல்லுவேன். மார்கழிக் குளிர்ல புழு மெதுவாத்தான் வளரும். செத்து ஆறு நாள் ஆவுது."

"நேத்து நான் பாத்தேனே சார்," என்றேன்.

"சரிங்க," என்றார், என்னை நிமிர்ந்தும் பார்க்காமல். "ஆனா ஈ மொதல் நாளே வந்து பாத்துட்டுது."

போலீஸ்காரர் நான் சொன்னதாக எழுதியிருந்த வரியை அடித்தார்.

ஈக்காரரின் முகம் மறந்துவிட்டது. ஆனால் தினமும் காலையில் தனியாக இருக்கும் பக்கத்துவீட்டுக்காரரின் கதவைத் தட்டிவிடுகிறேன். ஒருமுறையாவது ஈக்கு முன்னால் போக வேண்டும்.