தெருவைப் பங்கு பிரித்த ஓரகத்திகள்

பிரேக் அக்காவுக்கு அந்தப் பெயர் காலால் வந்தது. கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் அவள் ஆசிரியை. கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்த்துக் கொட்ட, பக்கத்து இருக்கையில் அவள் உட்கார்ந்திருப்பாள். அவள் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். வாய் எதைப் பேசிக்கொண்டிருந்தாலும் பாதம் அதை விட்டு நகராது. வீட்டில் டீவி பார்க்கும்போது திரையில் ஒரு லாரி வேகமாக வந்தால்கூட அவள் கால் தரையை அழுத்தும். "வீடு நின்னுடுச்சு, இறங்கலாமா?" என்பார் அவள் கணவர்.

அந்த வீடு ஊருக்கு வெளியே இருந்தது. ஒரே அச்சில் வார்த்தது போன்ற வீடுகள், அகலமான தெருக்கள், நடமாட்டமே இல்லாத நடைபாதை. தீப்பெட்டி தீர்ந்துபோனாலும் வண்டிச் சாவியைத்தான் தேட வேண்டும். நடப்பவர்கள் என்றால் காவலாளியும் இரண்டு மூன்று நாய்களும்தான். அவர்களும் வேறு வேலை இல்லாததால் நடந்தார்கள்.

ஊர் முழுவதும் அவளுக்குத் தெரியும். எந்த மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கப் பழக்கலாம், எந்தத் திருப்பத்தில் எதிரே வருவது தெரியாது, எந்த வாசலில் நிறுத்தினால் சண்டைக்கு வருவார்கள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அந்தத் தெருக்களில் எந்தக் கடையில் என்ன விற்கிறார்கள் என்று கேட்டால் விழிப்பாள். பல வருடங்களாக ஊர் அவளுக்குக் கண்ணாடிக்கு அப்பால்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சின்னவளுக்கு அப்படி இல்லை. அதுதான் பிரேக் அக்காவின் வயிற்றெரிச்சல்.

சின்னவள் என்பது கொழுந்தனின் மனைவி. ஊருக்கு நடுவில், பழைய குடியிருப்பில் ஒரு மாடி வீட்டில் இருந்தாள். பேக்கரி, மருந்துக்கடை, நூலகம், பூங்கா, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், எல்லாமே கூப்பிடு தூரம். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, தெரிந்துகொள்ளத் தேவையும் வரவில்லை. தோளில் ஒரு சிவப்புத் துணிப்பையை மாட்டிக்கொண்டு, "ஒரு நடை போயிட்டு வந்துடறேன்" என்று கிளம்பிவிடுவாள். அந்த 'ஒரு நடை'யைக் கேட்கும்போதெல்லாம் பிரேக் அக்காவுக்குக் கண்ணில் மிளகாய் விழுந்ததுபோல் இருக்கும்.

போனில் பேசினால் அதைவிட மோசம். பாதிப் பேச்சில், "இருங்கக்கா, கீழ யாரோ கூப்பிடறாங்க" என்று ஓடிவிடுவாள். காத்திருக்கும் காதில் சிரிப்புச் சத்தம் கேட்கும். யாரோ எதையோ தருகிறார்கள், யாரோ எதையோ விசாரிக்கிறார்கள். திரும்பி வந்து, "ஒண்ணுமில்ல, பேக்கரிக்காரர் சும்மா கூப்பிட்டார்" என்பாள். பிரேக் அக்காவைச் சும்மா கூப்பிட அவள் தெருவில் யாரும் இல்லை. போதாக்குறைக்கு அவள் கணவர் தம்பி வீட்டுக்குப் போய்வந்த அன்றெல்லாம், "அவளப் பாரு, தினமும் நடந்து நடந்து காலு இரும்பு மாதிரி இருக்கு. உனக்கு அதுக்குள்ள முட்டி வலி" என்று எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவார்.

ஊருக்குள்ளே குடிவந்துவிட வேண்டும் என்று பிரேக் அக்கா சொல்லாத நாள் இல்லை. குடும்பத்தில் எல்லாருக்கும் அது தெரியும். சின்னவளுக்கும் நன்றாகவே தெரியும். "எங்க பக்கம் ஏதாவது காலியானா சொல்றேன்க்கா" என்று அவள் வாயாலேயே சொல்லியிருந்தாள்.

அப்படியிருக்கும்போது ஒருநாள் காலை வகுப்பில், கற்றுக்கொள்ள வந்திருந்த பல் டாக்டரம்மா கியரோடு மல்லுக்கட்டிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள்: "என் கிளினிக் பக்கத்துல ஒரு மாடி வீடு ரொம்ப நாளா காலியா கெடக்கு. முனை வீடு, நல்ல காத்து. நீங்க தேடறதா சொன்னீங்களே?"

"எந்தத் தெரு?"

டாக்டரம்மா தெருவைச் சொன்னாள். பிரேக் அக்காவின் கால் தன்னால் அழுந்தியது. வண்டி நடுச்சாலையில் குலுங்கி நின்றது.

"நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றாள் டாக்டரம்மா பதறிப்போய்.

"நீங்க ஒண்ணும் பண்ணல. எடுங்க."

"உங்க ஓரகத்தி தினமும் அந்த வீட்டத் தாண்டித்தானே போறாங்க. சொல்லலையா?"

சொல்லவில்லை. நேற்று இரவுகூடப் போனில் அரட்டை அடித்திருந்தாள். பூங்காவில் புதிதாக பெஞ்சு போட்டதிலிருந்து பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டதுவரை எல்லாம் சொன்னவள், இதை மட்டும் சொல்லவில்லை.

பிரேக் அக்காவால் அடுத்த நாள்வரை பொறுக்க முடியவில்லை. வேறு யாராக இருந்தாலும் ஆட்டோ பிடித்தோ பஸ் ஏறியோ போய் வீட்டைப் பார்த்திருப்பார்கள். தெருவைப் பார்க்க வேண்டும் என்றால் அவளுக்கு ஒரே வழிதான் தெரியும். "டாக்டரம்மா, இன்னிக்குக் குறுகலான தெருவுல ஓட்டற பாடம்" என்றாள். "இடது பக்கம் திருப்புங்க."

இது பாடம் என்று அந்தத் தெருவுக்குத் தெரியவில்லை. மேலே பலகையும் முன்னால் சிவப்பு எழுத்தும் கொண்ட கார், காய்கறி வண்டிக்கும் டாக்டரம்மாவின் சொந்த கிளினிக் படிக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. என்ஜின் இருமிவிட்டு அணைந்தது. சைக்கிள்கள் நின்றன, குடைகள் நின்றன. பேக்கரியிலிருந்து மாவுக் கையோடு இரண்டு பேர் வெளியே வந்தார்கள்.

"கார் வாங்கினா தெருவையும் சேத்து வாங்கணும்" என்றார் ஒருவர்.

"டாக்டர், பல்லப் புடுங்கற மாதிரி மெதுவா இழுங்க, வந்துடும்!" என்றார் இன்னொருவர்.

டாக்டரம்மா முகத்தை மூடிக்கொண்டாள். ஓரமாக நின்றவர்களில் ஒருத்தியின் தோளில் சிவப்புப் பை தொங்கியது. அவள் குனிந்து கண்ணாடி வழியே பார்த்து, "அக்கா? அட, எங்க ஓரகத்தி!" என்றாள்.

உடனே தெருவின் முகம் மாறிவிட்டது. "சிவப்புப் பையோட ஓரகத்தியாம்பா! தள்ளு, தள்ளு." எங்கிருந்தோ கைகள் வந்தன. காய்கறி வண்டி நகர்ந்தது. வண்டியைத் தூக்காத குறையாகத் தள்ளி ஒரு ஓரத்தில் விட்டார்கள். இவ்வளவு நேரம் கிண்டல் செய்தவர்கள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். அந்த மரியாதை தனக்குக் கிடைத்ததல்ல என்பது பிரேக் அக்காவுக்குத் திட்டியதைவிட அதிகமாகச் சுட்டது.

முனை வீட்டின் கீழே படங்களுக்குச் சட்டம் போடும் கடை இருந்தது. கடைக்காரர்தான் வீட்டுக்காரர். பிரேக் அக்கா வீட்டைப் பார்க்கக் கேட்டதும் சாவியை எடுத்துக் கொடுத்து, "நம்ம சிவப்புப் பைக்கு வேண்டியவங்கன்னா நான் விசாரிக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. புடிச்சா இன்னிக்கே சொல்லிடுங்க, நாளைக்கு வேற ஒருத்தர் வராங்க" என்றார். பிரேக் அக்கா நன்றி சொல்லாமல் படியேறினாள். சின்னவளும் பின்னாலேயே ஏறினாள்.

வீடு நன்றாக இருந்தது. அதுவே கோபத்தைக் கிளப்பியது. இரண்டு பக்கமும் ஜன்னல், உள்ளே நிறைய வெளிச்சம். ஜன்னலோரம் நின்றால் கீழே போகிறவர்களின் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"ஏன் சொல்லல?" என்றாள் பிரேக் அக்கா.

"என்னதுக்கா?"

"நடிக்காத. இந்த வீடு காலின்னு ஏன் சொல்லல?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்போ? வேற எவனாவது கட்டில் பீரோவ ஏத்தின பிறகா?"

சின்னவள் பையைத் தோளிலிருந்து கழற்றித் தரையில் வைத்தாள். "ஆமா" என்றாள். "அதுக்கப்புறம்தான் சொல்லலாம்னு இருந்தேன்."

இப்படி நேருக்கு நேர் ஒப்புக்கொள்வாள் என்று பிரேக் அக்கா எதிர்பார்க்கவில்லை. வாய்க்குள் தயாராக வைத்திருந்த வசவுகள் இடம் தெரியாமல் தடுமாறின.

"நீங்க இங்க வந்துட்டா இது உங்க தெரு ஆயிடும்க்கா. எனக்குத் தெரியாதா உங்கள? பத்து நாள்ல எல்லாருக்கும் லைசென்ஸ் எடுத்துக் குடுத்துடுவீங்க. பேக்கரிக்காரர்ல இருந்து மருந்துக்கடைப் பொண்ணு வரைக்கும் பிரேக் அக்கா, பிரேக் அக்கான்னு உங்க பின்னாடியே சுத்துவாங்க. உங்களுக்கு வண்டி இருக்கு, வேலை இருக்கு, ஊரு பூரா உங்ககிட்ட படிச்சவங்க இருக்காங்க. எனக்கு இருக்கறது இந்த நாலு தெருதான். இதையும் குடுத்துட்டு நான் என்ன பண்ணுவேன்?"

"எம்மேல உனக்குப் பொறாமையா?"

"பின்ன? நீங்க சாவியச் சுழட்டிக்கிட்டு படியிறங்கறதப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். இவரு வேற, 'அண்ணியப் பாரு, தனியா எங்க வேணா போறாங்க'ன்னு தெனமும் ஓதுவாரு."

பிரேக் அக்கா ஜன்னல் திண்டில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருடமும் அதை ஒருவழிப் பாதை என்றே நினைத்திருந்தாள். எதிரிலிருந்தும் ஒரு வண்டி முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தது தெரியவே இல்லை. கோபம் எங்கோ போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு இனிப்பு வந்து உட்கார்ந்தது. அதை வெளியே காட்டக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எத்தன வருஷமா?" என்று மட்டும் கேட்டாள்.

"கல்யாணமாகி வந்ததுல இருந்துதான். போதுமா?"

போதும்தான். ஆனாலும் வீடு வேண்டும். கீழே கடைக்காரர் ஆணி அடிக்கும் சத்தம் அவசரப்படுத்துவதுபோல் கேட்டது.

"அப்போ பங்கு போட்டுக்குவோம்" என்றாள் பிரேக் அக்கா.

"எத?"

"தெருவத்தான். ஒனக்கு எது வேணும், சொல்லு."

சின்னவள் கேலியா என்று முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை என்று தெரிந்ததும் ஜன்னலருகே வந்து நின்றாள். "பேக்கரி என்னுது."

"சரி."

"நூலகமும்."

"சரி. மருந்துக்கடை?"

"ரொம்ப முடியலன்னா மட்டும் நீங்க போங்க. சும்மா நின்னு பேசக் கூடாது."

"பூங்கா?"

"காலைல என்னுது. சாயங்காலம் வேணா நீங்க வந்துக்கலாம். ஆனா புது பெஞ்சு என்னுது."

"அடியே, எனக்குன்னு என்னதான் மிச்சம்?"

சின்னவள் கையை நீட்டிக் காட்டினாள். பெரிய சாலைக்கு அந்தப்புறம் ஒரு குடோன், ஒரு டயர் கடை, பள்ளிக்கூடத்தின் நீண்ட பின்மதில் தெரிந்தன. "அந்தப் பக்கம் முழுசும் நீங்களே வச்சுக்குங்க" என்றாள் தாராளமாக. "நான் போனதே இல்ல. அங்க ஒண்ணும் இல்ல."

அந்த மாத முடிவில் பிரேக் அக்கா குடிவந்தாள். கணவருக்கு ஒப்பந்தம் பற்றித் தெரியாது. தம்பி வீட்டுக்கு எதிரிலேயே பேக்கரி இருக்க, இவள் ஏன் சாலையைக் கடந்து போய் ரொட்டி வாங்குகிறாள் என்று அவருக்கு விளங்கவே இல்லை.

வேலை முடிந்து வந்ததும் அவள் தன் பங்குக்கு நடக்கப் போனாள். முதலில் நடக்கவே வரவில்லை. வண்டி போகும் இடத்தில் போனாள், வளைவில் நின்றாள், திரும்புமுன் அவளறியாமல் கை பக்கவாட்டில் நீண்டது. டயர் கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி, "இண்டிகேட்டர் போட்டாச்சுல்ல, திரும்புங்கக்கா, பின்னாடி யாரும் வரல" என்றார். மறுநாளும் சொன்னார். அதற்கடுத்த நாள் அவள் போகவில்லை; மறுநாள் பார்த்ததும், "நேத்து ஏன் வரல?" என்று விசாரித்தார். யாருடைய ஓரகத்தி என்று அவர் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் யாருக்கும் சிவப்புப் பையைத் தெரியாது.

ஒண்ணும் இல்லாத பக்கத்தில் ஒவ்வொன்றாக முளைத்தது. குடோனுக்குப் பின்னால் ஐஸ் தொழிற்சாலை ஒன்று இருந்தது. சாயங்காலம் லாரி ஏற்ற அதன் பெரிய கதவைத் திறப்பார்கள். உள்ளிருந்து வெள்ளைப் புகை உருண்டு வந்து தெருவில் முழங்கால்வரை படரும். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் அதில் நின்று கூச்சலிடுவார்கள். நர்ஸ்கள் விடுதியின் கம்பிகளில் காயும் வெள்ளைத் துணிகளுக்கு நடுவே ஒரே ஒரு மஞ்சள் துண்டு எப்போதும் தொங்கும். சோபாவுக்கு மெத்தை தைக்கும் கடையில் தைத்ததைச் சோதித்துப் பார்க்க அவளை உட்காரச் சொல்வார்கள்.

பள்ளியின் பின்மதிலை ஒட்டி ஒரு சந்தும் இருந்தது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். எந்தக் காரும் நுழைய முடியாது என்பதால் அவளுக்குத் தெரிந்த ஊரில் அது இருந்ததே இல்லை. இரண்டு முறை வளைந்து, அது ரயில் நிலைய நடைமேடையின் கடைசிக் கோடியில் போய்த் திறந்தது. அங்கே ஒரு கல் கிடந்தது. அதில் உட்கார்ந்தால், கிளம்பும் ரயில் இன்னும் வேகம் பிடிக்காமல் முகத்துக்கு நேரே மெல்ல நகர்ந்து போகும். ஜன்னலோர முகங்கள் ஒவ்வொன்றும் அவளைப் பார்க்கும்.

பொறாமை தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஜன்னலைத் திறந்தால் பேக்கரி வாசலிலிருந்து சின்னவளின் சிரிப்பு ஏறி வரும். என்ன சொல்லி இப்படிச் சிரிக்கிறார்கள் என்று பிரேக் அக்காவின் காது கீழேயே தொங்கும்.

ஒரு சாயங்காலம் சின்னவள் கதவைத் தட்டினாள். "பசங்க என்னமோ சொல்றாங்க. ஐஸ் ஃபேக்டரியில புகை வருமாமே?"

"அது என் பக்கம்."

"தெரியும். விருந்தாளியா வரேன், காட்டுங்களேன்."

பிரேக் அக்கா வேண்டுமென்றே தலை வாரி, நல்ல புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். சாலையைக் கடந்ததும் டயர் கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "யாருக்கா, சொந்தமா?"

"என் ஓரகத்தி" என்றாள் பிரேக் அக்கா. மெத்தைக் கடையிலும் சொன்னாள், விடுதி வாசலிலும் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் சின்னவளின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்டியது. அந்த முகத்தை பிரேக் அக்கா பல வருடங்கள் தன் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

ஐஸ் தொழிற்சாலையின் கதவு திறந்தது. புகை வந்து இருவர் கால்களையும் மூடியது. சின்னவள் புடவையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். புகை கலைந்து தரை தெரிந்த பிறகும் நகரவில்லை.

"எங்க பக்கம் இப்படி ஒண்ணும் இல்லையேக்கா" என்றாள் கடைசியில். வீட்டுக்குத் திரும்பும் வழியில் தானாகவே பேரத்தைத் தொடங்கினாள். "காலைலயும் நீங்க பூங்காவுக்கு வாங்க. புது பெஞ்சுலயே உக்காருங்க. வாரத்துக்கு ஒரு நாள் நான் இங்க வரேன், என்ன?"

"யோசிச்சுச் சொல்றேன்."

"ரெண்டு நாளாவது?"

"அதான் யோசிக்கறேன்னேன்ல."

மதில் முடியும் இடத்துக்கு வந்திருந்தார்கள். சின்னவளின் நடை மெதுவானது. "அது என்னக்கா, அந்தச் சந்து?"

உள்ளே எங்கோ ஒரு ரயில் கிளம்பத் தயாராகிக் கூவியது. பிரேக் அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதுவா? முட்டுச்சந்து" என்று சொல்லி, சின்னவளின் கையை இறுகப் பிடித்து, அவசரமாகச் சாலையைக் கடந்தாள்.