ஒருவரும் காணாத அடி

எங்கள் வீட்டில் கோல்ஃப் பார்த்த ஒரே ஆள் சின்னம்மா. விளையாட்டு பிடித்துப் பார்க்கத் தொடங்கியவர் அல்லர். கனடாவுக்கு வந்த புதிதில் பகலில் தையல் ஆலையில் வேலை செய்து, மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்தார். தொலைக்காட்சியில் ஹொக்கி வர்ணனை அவருக்குத் தகரத்தில் மழை கொட்டுவது போலக் கேட்டது. கோல்ஃபில் மட்டும் வர்ணனையாளர் குரலைத் தாழ்த்தி ஒரு வசனம் சொல்லிவிட்டு, அடுத்த வசனத்துக்கு நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். அதற்குள் சின்னம்மா அகராதியைப் புரட்டிவிடுவார்.

“பந்தைத் துலைச்சுப்போட்டுத் தேடுறதைப் பாக்க இவ்வளவு சனமோ?” என்பார் அப்பா. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்த எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் தொலைக்காட்சி ஒன்றுதான். கிரிக்கெட் இல்லாத ஞாயிறுகளில் அது சின்னம்மாவுடையது.

கோல்ஃப் ஆடும் பிரெஞ்சுக்காரி ஒருத்தி எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்படித்தான். பிரான்சிலிருந்து தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தவள். தொடக்கத்திலேயே ஒரு பெரிய வெற்றி. பிறகு முதுகில் சத்திரசிகிச்சை. போட்டிகளில் ஆடும் உரிமையை இழந்து, தன்னைவிட மிக இளைய பெண்களோடு தகுதிச் சுற்றில் வரிசையில் நின்று திரும்பப் பெற்று, மறுபடி இழந்து, மறுபடி பெற்றிருந்தாள். சின்னம்மாவுக்கு முதலில் இதெல்லாம் தெரியாது. மொன்றியல்காரர் பேசும் பிரெஞ்சு அவருக்குப் பிடிபடவில்லை. இவள் பேட்டியில் சொன்னது முழுவதும் விளங்கியது. “இந்த ஊரில என்னோட ஆறுதலாக் கதைக்கிறது இவ ஒருத்திதான்,” என்றார்.

ஒரு கோடையில் அவள் மொன்றியலுக்கே ஆட வந்தாள். அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை, சின்னம்மாவைப் பெண் பார்க்க ரொறொன்ரோவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது.

அவர்களிடம் மறைக்க வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. கொழும்பில் இருந்தபோது, ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவரோடு சின்னம்மாவுக்கு எழுத்து நடந்திருந்தது. பதிவுத் திருமணம் மட்டும். தாலி கட்டவில்லை, சேர்ந்து வாழவுமில்லை. ஜெர்மனிக்குத் திரும்பிய மனிதருக்கு மனம் மாறிவிட்டது. எழுத்து பிறகு நீதிமன்றத்தில் ரத்தானது. இதைப் பற்றி ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரக்கூடாது என்று அம்மா எல்லோருக்கும் உத்தரவு போட்டிருந்தார். எனக்குத் தனியாக இன்னொரு முறை.

வெள்ளிக்கிழமை சின்னம்மா என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். பெண் பார்க்க வரும் வாரம் என்பதால் அம்மா கேள்வி கேட்கவில்லை. மெட்ரோவில் ஏறி, பஸ் மாறி, நாங்கள் கோல்ஃப் மைதானத்தில் போய் இறங்கினோம்.

பிரெஞ்சுக்காரி பந்தை எடுத்து வைத்ததுமே சின்னம்மா பலமாகக் கைதட்டினார். அமைதி காக்கச் சொல்லும் பலகையோடு நின்ற ஆள் திரும்பி முறைத்தார். சின்னம்மாவும் திரும்ப முறைத்தார். பிறகு பையிலிருந்து எனக்குத் தின்ன ஒரு ரோல்ஸ் எடுத்துத் தந்தார்.

குறைந்த அடிகளில் முடித்தவர்கள் மட்டுமே சனி, ஞாயிறும் ஆடலாம். ஏறக்குறைய பாதிப் பேர் அன்று மாலையே மூட்டை கட்ட வேண்டும். கடைசிக் குழிக்கு வந்தபோது பிரெஞ்சுக்காரி மயிரிழையில் உள்ளே நின்றாள். அவள் பந்து மரங்களுக்கடியில் நீண்ட புல்லுக்குள் போய் விழுந்தது. தனியாகப் போய்க் குனிந்தாள். மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தாள். சட்டென்று விலகி நிமிர்ந்து, வலக்கையை உயர்த்தினாள். கூட ஆடியவளை அழைத்து ஏதோ சொன்னாள்.

கயிற்றருகே தொண்டர் தொப்பியோடு நின்ற பெண்ணிடம் என்னவென்று கேட்டேன். அவர் பேசியது மொன்றியல் பிரெஞ்சு. வீட்டில் அதற்கு மொழிபெயர்ப்பாளர் நான்தான்.

“பந்து அசைஞ்சிட்டுதாம், சின்னம்மா. அதுக்கு ஒரு அடி கூடப் போடுவினமாம்.”

“ஆர் கண்டது?”

“ஒருத்தரும் காணேல்லையாம். அவவே சொன்னவவாம்.”

“திரும்பக் கேள்.”

“அதைத்தான் சொன்னவ!”

“திரும்பக் கேள் எண்டெல்லோ சொல்லுறன்.”

திரும்பக் கேட்டேன். அந்தப் பெண் சிரித்தார். இந்த ஆட்டத்தின் வழக்கமே அதுதான், தன் பிழையை ஆடுபவரே சொல்ல வேண்டும் என்றார்.

அந்த ஓர் அடியால் பிரெஞ்சுக்காரி வெளியே போனாள். கயிற்றோரமாக அவள் வெளியேறும்போது நிருபர் ஒருவர், யாரும் பார்க்கவில்லையே, ஏன் சொன்னீர்கள் என்று கேட்டார். அவள் ஆப்பிள் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தாள். மென்று முடித்துவிட்டு, பிழை செய்தவர் அவர்தான் என்பது போல நிருபரைப் பார்த்து, “நான் பார்த்தேன்,” என்றாள். சின்னம்மாவுக்கு அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

“சொல்லாமல் விட்டிருந்தால் நாளைக்கும் விளையாடியிருப்பா,” என்றேன் பஸ்ஸில்.

“ஓம்,” என்றார் சின்னம்மா.

ஞாயிறன்று மாப்பிள்ளையும் தாயும் வந்தார்கள். மாப்பிள்ளை சோபாவின் விளிம்பில் இருந்தார். ஊர், பள்ளிக்கூடம், சொந்தம் எல்லாம் விசாரித்து முடிந்தது. தாய் இன்னொரு வடையை எடுத்துக்கொண்டு, “எங்களுக்குப் பிள்ளையைப் பிடிச்சிருக்கு,” என்றார். அம்மாவின் முகம் மலர்ந்தது.

சின்னம்மா தேநீர்த் தட்டை மேசையில் வைத்தார். நிமிர்ந்தார். வலக்கையை உயர்த்தினார். அதை அவர் எங்கே கண்டார் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

“மாமி, கொழும்பில எனக்கு ஒருக்கா எழுத்து நடந்தது. பேந்து ரத்தாகிட்டுது. அதையும் தெரிஞ்சுகொண்டு பிடிச்சிருக்கெண்டால் சரி.”

அம்மா கேசரித் தட்டை அவசரமாக மாப்பிள்ளையின் தாய்ப் பக்கம் தள்ளினார்.

“அதை இப்ப ஆர் கேட்டது?” என்றார் அப்பா, பல்லைக் கடித்தபடி.

“ஒருத்தரும் கேக்கேல்லை, அத்தான். கேப்பினம் எண்டு நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்.”

மாப்பிள்ளையின் தாய் வடையை நிதானமாகத் தின்று முடித்தார். யோசித்துச் சொல்வதாகவும், ரொறொன்ரோ தூரம் என்பதால் வெளிக்கிட வேண்டும் என்றும் சொன்னார். மாப்பிள்ளை கார்ச் சாவியை எடுத்துக்கொண்டார். படியில் அவர்கள் இறங்கும் சத்தம் ஓய்ந்ததும் அம்மா வெடித்தார்.

“வாய்க்குள்ள வைச்சிருந்தால் என்னடி? இந்த மொன்றியல்ல ஒரு குருவி கண்டதோ?”

“நான் கண்டனான், அக்கா.”

அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சின்னம்மா தட்டு நிறையக் கேசரியை அள்ளிக்கொண்டு வந்து தொலைக்காட்சியைப் போட்டார். கோல்ஃப் கடைசிச் சுற்று நடந்துகொண்டிருந்தது.

“அவ இல்லையே, பிறகேன் பாக்கிறீங்கள்?”

“அடுத்த கிழமை வேற ஊரில விளையாடுவா. தள்ளி இரு பிள்ளை, மறைக்குது.”

ரொறொன்ரோவிலிருந்து பதில் வரவில்லை. பிரெஞ்சுக்காரி அதன் பிறகும் பல ஆண்டுகள் ஆடினாள்; இன்னொரு பெரிய வெற்றி கிடைக்கவில்லை. அவள் ஓய்வு பெற்றபோது வந்த சிறு செய்தியில் தொடக்க கால வெற்றி இருந்தது, சத்திரசிகிச்சை இருந்தது. மொன்றியலின் அந்த ஓர் அடி இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணக்கு தெளிவாக இருந்தது. வாயைத் திறந்து இரண்டு பேர் தோற்றிருந்தார்கள். தோற்ற ஆள் எப்படி அவ்வளவு கேசரி சாப்பிடுகிறார் என்பது மட்டும் எனக்கு விளங்கவேயில்லை.