நேரத்துக்கு வராத எழுத்து

வட்டக்கச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தரம் இரண்டு படிக்கும் தர்சிகாவுக்கு ஓர் அநியாயம் நடக்க இருந்தது: எழுத்தெல்லாம் தெரிந்த பிள்ளையை ‘ஒன்றும் தெரியாது’ என்று முத்திரை குத்தி, தரம் ஒன்றுப் பிள்ளைகளோடு கொண்டுபோய் இருத்தப் பார்த்தார்கள். நான் கம்பஸில் கல்வியியல் படிப்பவள். எந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்தின் ஒலி தெரியும், எங்கே தடக்குகிறது என்று பார்த்து, அதற்கேற்ப வாசிப்புப் பழக்கும் பயிற்சிக்காக அங்கே போயிருந்தேன். இந்த வேலைக்குப் போய் அவதிப்பட்டவர்களே, உங்களுக்குத் தெரியும்: சரியாகச் சொல்லுகிற பிள்ளையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கெட்டிக்காரன்

முதல் நாள் வகுப்பு ரீச்சர் தன் கெட்டிக்காரன் நிரோஜனை எனக்கு முன்னால் நிறுத்தினார். புத்தகத்தை விரித்ததுதான் தாமதம், வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி வாசித்தான். எனக்கு அங்கேயே சந்தேகம். நான் பக்கத்தைப் புரட்ட முதலே அடுத்த பக்கத்து வரி வந்துவிட்டது!

புத்தகத்தை வாங்கித் தலைகீழாகக் கொடுத்தேன். அவன் நிறுத்தவில்லை. வகுப்பே தினமும் கூட்டாகப் பாடுகிற பாடம் அது. காது பிடித்து வைத்திருக்கிறது, கண்ணுக்கு வேலையே இல்லை. “தம்பி, புத்தகம் தலைகீழாயெல்லே இருக்கு?” என்றேன்.

“பரவாயில்ல ரீச்சர், நான் கண்ணை மூடிக்கொண்டும் வாசிப்பன்.”

இல்லாத சொல்

மனப்பாடத்தை முறியடிக்க எனக்குத் தெரிந்த வழி, யாரும் கேள்விப்படாத சொற்களைக் கொடுப்பதுதான். ‘பாமிடு’, ‘தோகபி’ என்று அர்த்தமில்லாத சொற்களைக் கடதாசி மட்டையில் எழுதிக் காட்டினேன். எழுத்தைப் பார்த்து ஒலிக்கத் தெரிந்த பிள்ளை மட்டுந்தான் இதைச் சொல்லும்.

மறுநாள் காலை கேற்றடியில் ஒரு தகப்பன் மோட்டார்சைக்கிளோடு எனக்காகக் காத்து நின்றார். “தோகபி எண்டால் என்ன எண்டு கேட்டுக் கேட்டுப் பிள்ளை எங்களைச் சாப்பிட விடுதில்லை. இல்லாத சொல்லைக் குடுத்துப்போட்டு, பிள்ளைக்குத் தெரியேல்லை எண்டு எழுதப்போறியளோ?” விடுவேனா? மணி அடிக்கும்வரை நின்று விளங்கப்படுத்தினேன். மனிதர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு சொன்னார்:

“இதுக்கோ தங்கச்சி கம்பசில பட்டம் குடுக்கினம்?”

அசைந்த உதடு

தர்சிகாவின் கதைக்கு வருகிறேன். வகுப்பு ரீச்சர் மட்டையைத் தூக்கிக் காட்டுவார். உடனே எழுத்தைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பிழை. ‘க’வையும் ‘கா’வையும் தர்சிகா டக்கென்று சொன்னாள். ‘தூ’வைக் காட்டியபோது உதடு மட்டும் அசைந்தது. சத்தம் வருவதற்குள் மட்டை இறங்கிவிட்டது. “பக்கத்தில இருக்கிறவள் சொல்லித்தரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறாள்,” என்றார் ரீச்சர்.

எனக்கு அந்த விளக்கத்தில் நம்பிக்கையில்லை. வலயக் கல்விக் கந்தோரிலிருந்து பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்க அதிகாரிகள் வர இருக்கிற நேரத்தில், தடக்குகிற பிள்ளை வகுப்பை விட்டு இறக்கப்படுவது தற்செயலோ? அவளைத் தனியே விறாந்தைக் கரைக்குக் கூட்டிப்போனேன். அதே மட்டையைக் காட்டி, இறக்காமல் பிடித்துக்கொண்டு, காதை அவள் வாயருகே கொண்டுபோனேன். “த, தா, தி, தீ, து... தூ!” எந்த எழுத்தைக் காட்டினாலும் அதன் வரிசையின் தொடக்கத்துக்கே போய் அங்கிருந்து நடந்து வந்தாள். சுவரில் தொங்கும் எழுத்து அட்டவணையைப் பார்த்து வகுப்பு ஒவ்வொரு காலையும் பாடுவதும் இப்படித்தான்.

“ஏன் பிள்ளை முதல்ல இருந்து சொல்லுறீர்?”

“நடுவில இருந்து தொடங்க ரீச்சர் விடமாட்டா.”

ஐப்பசி

அதிபரின் அறைக்குத் தர்சிகாவின் அம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள். மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய, ஊரார் கொஞ்சம் கீழாகவே பார்க்கும் குடும்பம். வயல் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். கதிரை நுனியில் இருந்தபடி, “எங்க பிள்ளைன்னா மட்டும் கீழ இறக்குறது லேசா இருக்குதுங்களா?” என்றார்.

நான் சும்மா இருப்பேனா? “இவளுக்கு எழுத்துத் தெரியும் சேர். மட்டைகளைக் கலைச்சுக் கலைச்சுக் காட்டிப் பழக்கினால் போதும். தரம் ஒண்டுக்கு அனுப்பினால் அங்கயும் அதே பாட்டுத்தான்.”

“உடன சொல்லாட்டித் தெரியாது எண்டுதான் அர்த்தம் தங்கச்சி,” என்றார் ரீச்சர்.

நான் அதிபரின் பக்கம் திரும்பினேன். “சேர், ஐப்பசி எத்தினையாம் மாசம்? உடன சொல்லுங்கோ!”

அதிபர் நிமிர்ந்தார். பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஏறத் தொடங்கியது. உதடு அசைந்தது. ஜனவரியைத் தை என்கிற எங்கள் வழக்கப்படி, “தை, மாசி, பங்குனி...” பொறுக்கமாட்டாமல் ரீச்சர் விடையைச் சொல்ல வாயைத் திறந்தார். அம்மாவின் அருகில் நின்ற தர்சிகா முந்திக்கொண்டாள்: “பொறுங்கோ ரீச்சர், சேர் வந்துகொண்டிருக்கிறார்!”

“பத்தாம் மாசம்,” என்று ஒருவழியாக வந்து சேர்ந்த அதிபர், தன் பெருவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ரீச்சரிடம் சொன்னார்:

“பிள்ளை ரண்டிலயே இருக்கட்டும்; இல்லாட்டி என்னையும் ஒண்டிலதான் கொண்டுபோய் இருத்தவேணும்.”